சிடெட் எழுதப் போறீங்களா? ஃபீஸ் 1,000 ரூபாய்தான், பெரிய செலவு வேற இடத்துல இருக்கு



பி.எட் முடிச்சுட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குவாலிட்டி செக்கிங்கில் நிற்கிறவங்க, டி.எல்.எட் சர்டிஃபிகேட்டை பீரோவில் வச்சுட்டு காக்களூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போறவங்க, திருவள்ளூர், பொன்னேரி பக்கம் ஏதாவது தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறவங்க... நம்ம சேனல் பார்க்கிறவங்களில் இப்படிப் பல பேர் இருக்கீங்க. உங்க எல்லாருக்கும் பொதுவான ஒரு கேள்வி: "சிடெட் எழுதலாமா? அதுக்காக வேலையை விட்டுட்டு கோச்சிங் சேரலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிடறேன். எழுதுங்க, ஆனா வேலையை விட்டுட்டு எழுதாதீங்க. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

சிடெட்னா என்ன, எதுக்கு வந்தது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறவங்களுக்குக் குறைந்தபட்சத் தகுதி என்னனு தேசிய ஆசிரியர் கல்விக் குழு, அதாவது என்சிடிஇ, 2010 ஆகஸ்டில் அறிவித்தது. அதில் ஆசிரியர் தகுதித் தேர்வும் ஒண்ணு. மத்திய அளவில் இதை சிபிஎஸ்இ நடத்துறது சிடெட். நம்ம மாநிலத்தில் ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டிஆர்பி நடத்துறது தமிழ்நாடு டெட்.

முக்கியமான விஷயம்: இது தகுதித் தேர்வு, வேலைத் தேர்வு கிடையாது. பாஸ் பண்ணினா ஒரு சான்றிதழ் வரும், நியமன ஆணை வராது. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்ட முடியாது. ஆனா லைசென்ஸ் வாங்கினதும் யாரும் வண்டி தரமாட்டாங்க.

நல்ல செய்தியும் இருக்கு. முன்னாடி இந்தச் சான்றிதழ் 7 வருஷத்துக்குத்தான் செல்லும். 2021-ல் அதை ஆயுள் முழுக்கச் செல்லும்னு மாத்தினாங்க, அதுவும் 2011-ல் இருந்தே பின்தேதியிட்டு. அதனால ஒரு தடவை பாஸ் பண்ணினா போதும். எத்தனை தடவை எழுதலாம்ங்கிறதுக்கும் வரம்பு இல்லை. இந்த ரெண்டு விஷயமும் நம்ம பணக் கணக்குக்கு ரொம்ப முக்கியம்.

பணம் கட்டும் முன்னாடி: எந்தப் பேப்பர்?

பேப்பர் 1 என்பது 1 முதல் 5-ம் வகுப்பு வரை எடுக்க. பேப்பர் 2 என்பது 6 முதல் 8 வரை எடுக்க. கட்டணம் பொதுப் பிரிவுக்கும் ஓபிசிக்கும் ஒரு பேப்பருக்கு 1,000 ரூபாய், ரெண்டுக்கும் சேர்த்து 1,200 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 500 மற்றும் 600.

"200 ரூபாய்தானே கூட, ரெண்டையும் எழுதிடலாம்"னு தோணும். பி.எட் மட்டும் முடிச்சவங்க இங்க நிதானிக்கணும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட் தகுதி கிடையாதுன்னு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-ல் தீர்ப்பு சொல்லிடுச்சு. 2018-ல் என்சிடிஇ கொடுத்த அனுமதி அதோட முடிஞ்சது. அதனால,

- பி.எட் மட்டும் இருக்கா? பேப்பர் 2 மட்டும்.
- டி.எல்.எட் மட்டும் இருக்கா? பேப்பர் 1 மட்டும்.
- டிகிரியும் டி.எல்.எட்டும் இருக்கா? ரெண்டும் எழுதலாம்.

பி.எட், டி.எல்.எட் இப்போ படிச்சுட்டு இருக்கிறவங்களும் எழுதலாம்.

இன்னொண்ணு, பாஸ் மார்க் 150-க்கு 90. ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு, அதாவது 82 எடுத்தா போதும். ஆனா நம்ம ஊரு பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழும் மத்திய அரசு ஓபிசி சான்றிதழும் வேற வேற. இ-சேவை மையத்தில் ஓபிசி சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிச்சு வாங்கி வச்சுடுங்க. விண்ணப்பத் தேதி முடியுற வாரத்தில் தாலுகா ஆபீஸுக்கு அலையாதீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

இது ஒரு உதாரணம்தான், உங்க தொகையை நீங்க போட்டுக்கோங்க. சிப்காட் கம்பெனியில் கைக்கு மாசம் 14,000 ரூபாய் வாங்குற ஒருத்தருக்கு ரெண்டு வழி இருக்கு.

வழி 1, வேலையை விட்டுட்டு 6 மாசம் படிக்கிறது:

- இழக்கிற சம்பளம்: 14,000 × 6 = 84,000
- கோச்சிங், 15,000-னு வச்சுக்குவோம்
- தேர்வுக் கட்டணம்: 1,000
- தேர்வு நாள் பயணம், சாப்பாடு: 500
- மொத்தம்: 1,00,500 ரூபாய்

வழி 2, வேலையில் இருந்துட்டே படிக்கிறது:

- தேர்வுக் கட்டணம்: 1,000
- பிரின்ட் அவுட், நோட்டு: 1,500
- 5 நாள் சம்பளமில்லா லீவு: சுமார் 2,700
- தேர்வு நாள் பயணம், சாப்பாடு: 500
- மொத்தம்: 5,700 ரூபாய்

வித்தியாசம் 94,800 ரூபாய். வேற மாதிரி சொன்னா, முதல் வழியில் ஒரு தடவை எழுதுற செலவில் ரெண்டாவது வழியில் 17 தடவை எழுதலாம். நீங்க 17 தடவை எழுதப் போறதில்லை, ரெண்டு மூணு தடவையில் முடிச்சுடுவீங்க. ஆனா முதல் தடவை தவறிப் போனா எந்த வழியில் நிம்மதியா அடுத்த தடவைக்கு உட்கார முடியும்னு யோசிங்க.

சம்பளத்தோட வேற சிலதும் போகும். பிஎஃப்பில் கம்பெனி போடுற பங்கு நின்னுடும். கிராஜுவிட்டியையும் பாருங்க. நிரந்தரத் தொழிலாளியா 5 வருஷம் முடிக்க இன்னும் நாலு மாசம் இருக்குன்னா, அடிப்படைச் சம்பளமும் டிஏவும் சேர்ந்து 13,000 இருக்கிறவருக்கு 13,000 × 15/26 × 5 = 37,500 ரூபாய் வரணும். அவசரப்பட்டு ரிசைன் பண்ணினா அது மொத்தமும் போயிடும். ஒருவேளை வேலையை விட்டுட்டாலும் பிஎஃப் பணத்தை எடுத்து கோச்சிங் கட்டாதீங்க. 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா அது வருமான வரிக் கணக்கில் வேற சேரும்.

நகையை அடகு வச்சு கோச்சிங் சேர்றதைப் பத்திக் கேட்கவே வேண்டாம். வேலைக்கு உத்தரவாதம் தராத ஒரு தேர்வுக்கு வட்டி கட்டுறது எந்தக் கணக்கிலும் சரிவராது.

பாஸ் பண்ணினா எந்தக் கதவெல்லாம் திறக்கும்?

கேந்திரிய வித்யாலயா. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 35,400-ல் ஆரம்பம், டிஜிடி ஆசிரியருக்கு 44,900. டிஏ, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி. நம்ம மாவட்டத்தில் ஆவடியில் மட்டுமே பல கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கு. ஆனா இது இந்தியா முழுக்க மாறுதல் உள்ள வேலை. முதல் போஸ்டிங் அஸ்ஸாமிலும் கிடைக்கலாம். வயது வரம்பு தொடக்க ஆசிரியருக்கு 30, டிஜிடிக்கு 35, பிரிவுக்கு ஏத்த தளர்வு உண்டு. அதுக்குத் தனிப் போட்டித் தேர்வும் உண்டு. பெரிய அறிவிப்பு 2022 டிசம்பரில் வந்தது, அதுக்கு அடுத்தது 2025 நவம்பரில்தான். நடுவில் கிட்டத்தட்ட 3 வருஷம். அந்த 3 வருஷம் குடும்பம் எதில் ஓடும்? இதுக்காகத்தான் வேலையை விடாதீங்கன்னு சொல்றேன்.

ஒப்பந்த ஆசிரியர். கேந்திரிய வித்யாலயாக்கள் கல்வி ஆண்டுக்கு முன்னாடி ஒப்பந்த ஆசிரியர்களுக்கு நேர்காணல் வைப்பாங்க. அறிவிப்பு அந்தந்தப் பள்ளியின் இணையதளத்தில் வரும். நிரந்தரம் இல்லை, ஆனா அனுபவச் சான்றிதழ் கிடைக்கும். கும்மிடிப்பூண்டியில் இருந்து ஆவடிக்கு பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிப் போகணும், போக வர தினமும் எவ்வளவு நேரம் ஆகும்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

நவோதயா. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி கிடையாது. கிடைச்சா வெளி மாநிலம்தான், அதுவும் உறைவிடப் பள்ளி.

தனியார் சிபிஎஸ்இ பள்ளிகள். இணைப்பு விதிப்படி ஆசிரியர்களுக்கு என்சிடிஇ சொல்ற தகுதி இருக்கணும். அதனால சிடெட் இருக்கிறவங்களுக்குச் சம்பளம் பேசும்போது கொஞ்சம் பலம் உண்டு. அதைப் பத்திக் கீழே தனியா சொல்றேன்.

தமிழ்நாடு அரசுப் பள்ளி. இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. இதுக்கு மாநில டெட் வேணும், சிடெட்டை நம்பி இருக்காதீங்க. மாநில டெட் பாஸ் பண்ணினாலும் நேரடி வேலை இல்லை. 2018-ல் போட்ட அரசாணைப்படி தனியா ஒரு போட்டித் தேர்வும் எழுதணும். அந்தப் போட்டித் தேர்வு பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரியிலும், இடைநிலை ஆசிரியர்களுக்கு 2024 ஜூலையிலும்தான் நடந்தது. 2013-ல் டெட் பாஸ் பண்ணினவங்க வேலை கேட்டு வருஷக் கணக்கா போராடினதை செய்திகளில் பார்த்திருப்பீங்க. இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ஆரம்பம்.

ஆக, சிடெட்டும் மாநில டெட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு மாற்று இல்லை. பாடம் பெரும்பகுதி பொதுவானதுதான், ஒரே படிப்பில் ரெண்டையும் எழுதுங்க.

ஏற்கெனவே ஆசிரியரா இருக்கிறவங்களுக்கு

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னது. ஓய்வு பெற 5 வருஷத்துக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்கள் 2 வருஷத்துக்குள் டெட் பாஸ் பண்ணணும். 5 வருஷத்துக்குள் ஓய்வு பெறப் போறவங்க டெட் இல்லாம தொடரலாம், ஆனா பதவி உயர்வு கிடையாது. 20 வருஷம் சர்வீஸ் போட்டவங்களுக்கும் இது பொருந்தும்ங்கிறதால இது ஓய்வூதியம் வரைக்கும் தொடுற விஷயம். வீட்டுக் கடன் இஎம்ஐ ஓடிட்டு இருக்கிற ஆசிரியர்கள் "பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க. உங்க பணிக்கு எந்த டெட் ஏற்கப்படும்னு கல்வி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமா கேட்டு வாங்கிட்டுப் படிக்க ஆரம்பிங்க.

90 மார்க் எங்க இருக்கு?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும்னா இதை எடுங்க.

தேர்வு இரண்டரை மணி நேரம். 150 கேள்வி, 150 மார்க், நெகட்டிவ் மார்க் இல்லை. ஒரு கேள்வியைக்கூட விடாதீங்க.

பேப்பர் 1: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழி 1-க்கு 30, மொழி 2-க்கு 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30. இதில் கடைசி நாலு பகுதியிலும் பாதி, அதாவது 15 மார்க், "எப்படிக் கற்பிப்பது" என்பதைப் பத்தினது. கூட்டிப் பாருங்க: 30 + 15 + 15 + 15 + 15 = 90. பாஸ் மார்க் எவ்வளவு? 90!

பேப்பர் 2: குழந்தை மேம்பாடு 30, ரெண்டு மொழியிலும் கற்பித்தல் 15 + 15, கணக்கு-அறிவியல் அல்லது சமூக அறிவியலில் 60-க்கு 20. மொத்தம் 80. மொழிப் பகுதியில் மீதி 30 மார்க் பத்தியைப் படிச்சுப் பதில் சொல்றது. ஆக 110 மார்க்குக்குப் பாடப் புத்தகம் மனப்பாடம் தேவையே இல்லை. படிச்சதெல்லாம் மறந்துபோச்சேன்னு பயப்படற கம்பெனி வேலைக்காரங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேணுமா?

கேள்வி எப்படி இருக்கும்? ஒரு மாதிரி: ஒரு குழந்தை 32 + 19 = 411-னு எழுதியிருக்கு. ஆசிரியர் என்ன செய்யணும்? "தப்புன்னு போட்டு 10 தடவை எழுதச் சொல்லணும்"ங்கிறதும் ஒரு விடையா இருக்கும். சரியான விடை, குழந்தை எப்படி யோசிச்சதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்ங்கிறது. 2 + 9 = 11, 3 + 1 = 4-னு தனித்தனியா கூட்டியிருக்கு; கூட்டல் தெரியும், இடமதிப்புதான் புரியலை. இந்தப் பார்வை பிடிபட்டுட்டா பாதித் தேர்வு முடிஞ்ச மாதிரி.

தமிழ் மீடியத்தில் படிச்சவங்க கவனிக்க

சிடெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் என்பது மொழித் தாளாக மட்டும் வரும். விண்ணப்பத்தில் மொழி 1 தமிழ், மொழி 2 ஆங்கிலம்னு தேர்வு செய்யுங்க. தேர்வு செய்த மொழியை விட்டுட்டு வேற மொழிக்குப் பதில் குறிச்சா அந்தப் பகுதியைத் திருத்தவே மாட்டாங்க.

மத்த பகுதிகளுக்கு ஒரு நோட்டில் ரெண்டு பத்தி போடுங்க. இடது பக்கம் நீங்க படிச்ச தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். வளரறி மதிப்பீடுன்னு படிச்சது அங்க ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட். உள்ளடங்கிய கல்வி அங்க இன்க்ளூசிவ் எஜுகேஷன். இப்படி ஒரு 200 சொல் தெரிஞ்சா வினாத்தாள் பயமுறுத்தாது.

ஷிஃப்ட் வேலைக்காரங்களுக்கு 16 வாரத் திட்டம்

- 1 முதல் 6-ம் வாரம்: குழந்தை மேம்பாடு. பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க், கார்ட்னர், உள்ளடங்கிய கல்வி. தினமும் ஒரு மணி நேரம்.
- 7 முதல் 10-ம் வாரம்: மொழி மற்றும் பாடங்களின் கற்பித்தல் முறை. தினமும் ஒரு ஆங்கிலப் பத்தி, ஒரு தமிழ்ப் பத்தி படிச்சுக் கேள்விக்குப் பதில்.
- 11 முதல் 13-ம் வாரம்: பாடப் பகுதி. என்சிஇஆர்டி புத்தகங்களை இணையத்தில் இலவசமா இறக்கலாம். தமிழில் புரிஞ்சுக்க நம்ம சமச்சீர் புத்தகங்களும் இலவசம்.
- 14 முதல் 16-ம் வாரம்: பழைய வினாத்தாள் மட்டும். சிடெட் டாட் என்ஐசி டாட் இன் தளத்திலேயே கிடைக்கும். ஒவ்வொரு வார லீவு நாளிலும் இரண்டரை மணி நேரம் கடிகாரம் வச்சு எழுதுங்க.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதுப் பாடம் தொடாதீங்க. தூக்கத்தைக் கெடுத்துப் படிச்சது மண்டையில் நிக்காது, மெஷின் முன்னாடி ஆபத்தும்கூட. அந்த வாரம் பழைய கேள்விகளைப் புரட்டினா போதும். கும்மிடிப்பூண்டி லைனில் ரயிலில் போறவங்களுக்கு பொன்னேரி, மீஞ்சூர் தாண்டுற நேரமே ஒரு பயிற்சித் தாளுக்குப் போதும்.

வழிகாட்ட ஆள் வேணும்னா, மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலமா போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துறாங்க. திருவள்ளூர் மையத்தில் டெட் வகுப்பு எப்போன்னு விசாரிங்க. காசு கட்டுற கோச்சிங் அதுக்கு அப்புறம்தான்.

தேர்வுத் தேதியை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னு பேரு. ஆனா 2024 டிசம்பருக்கு அப்புறம் அடுத்த தேர்வு 2026 பிப்ரவரிக்குத்தான் அறிவிக்கப்பட்டது. வேலையை விட்டுட்டுக் காத்திருந்தவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க.

சான்றிதழ் கையில் வந்ததும்

தனியார் பள்ளிக்கு மாறுறதுக்கு முன்னாடி இந்த 5 கேள்வியைக் கேளுங்க:

1. மே மாசச் சம்பளம் உண்டா? 11 மாசச் சம்பளம்னா மாசக் கணக்கே மாறிடும்.
2. பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பாங்களா?
3. நியமனக் கடிதம் எழுத்தில் கிடைக்குமா?
4. சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா?
5. ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிறாங்களா? காட்டுங்க, ஆனா கொடுத்துட்டு வராதீங்க. சிடெட் சான்றிதழ் டிஜிலாக்கரில் இருக்கு, அவங்க அங்கேயே சரிபார்க்கலாம்.

கம்பெனியில் 14,000, பள்ளியில் 10,000-னா வருஷத்துக்கு 48,000 ரூபாய் குறையும். ரெண்டு வருஷ அனுபவத்துக்காக அதைத் தாங்குறது சில பேருக்குச் சரியா இருக்கலாம், குறிப்பா பகல் நேர வேலை வேணும்கிற அம்மாக்களுக்கு. ஆனா அந்த முடிவை எடுக்கும்போது 48,000-ங்கிற எண் உங்க கண் முன்னாடி இருக்கணும்.

"பணம் கொடுத்தா மார்க் போட்டுத் தர்றோம், வேலை வாங்கித் தர்றோம்"னு வர்றவங்களை வாசலோட அனுப்பிடுங்க. அதிகாரப்பூர்வத் தளத்தில் கட்டுற கட்டணத்தைத் தவிர இந்தத் தேர்வுக்கு யாருக்கும் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

சுருக்கமா

- சிடெட் ஆயுள் முழுக்கச் செல்லும். அதனால அவசரம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.
- பி.எட்டுக்கு பேப்பர் 2, டி.எல்.எட்டுக்கு பேப்பர் 1.
- வேலையில் இருந்துட்டே எழுதுங்க. லீவையும் சேமிப்பையும் அடுத்து வர்ற போட்டித் தேர்வுக்கு வச்சுக்கோங்க.
- இன்னிக்கே மாசம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி ஆரம்பிங்க. ஒரு வருஷத்தில் 6,000 ரூபாய், ஒரு தடவை எழுதுற மொத்தச் செலவும் அதிலேயே முடிஞ்சுடும்.

16 வாரத் திட்டத்தை நாள் வாரியா அடுத்த வீடியோவில் போடுறேன். இப்போதைக்கு ஒரு பேப்பரை எடுத்து உங்க சம்பளம், உங்க லீவு, உங்க பயணச் செலவு போட்டு அந்த ரெண்டு வழிக் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்க. பி.எட் முடிச்சுட்டு கம்பெனி பஸ்ஸில் உங்க பக்கத்து சீட்டில் வர்ற தோழிக்கும் இதை அனுப்புங்க.